படுகையில் நின்ற பறவைகள்

அந்த வீட்டுக்கு நான் வாழப்போன வருஷம் ஐப்பசியில், ஒரு நடுப்பகலில், வானத்திலிருந்து பாம்பு விழுந்தது.

கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தேன். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. தலைக்கு மேல் ஒரு நிழல் கடந்துபோனது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் கல்லின் மேல் சொத்தென்று ஏதோ விழுந்தது. தலை இல்லாத பாம்பு. சாம்பல் உடம்பில் கறுப்புப் பட்டைகள். வால் மட்டும் துடுப்பு மாதிரி தட்டையாக இருந்தது. அது இன்னும் நெளிந்துகொண்டிருந்தது.

நான் போட்ட சத்தத்தில் நாத்தனார் வெளியே வந்தார். பார்த்தார். ஒரு தென்னை மட்டையால் அதைத் தூக்கி வேலிக்கு அப்பால் எறிந்தார்.

"கடல் பாம்பு," என்றார். "கல்ல நல்லா கழுவிட்டுத் துவை."

உள்ளே போய்விட்டார். கடல் அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாது, காதுக்கும் கேட்காது. எங்கேயோ கடலில் கிடந்த பாம்பு எப்படி என் துணியருகே வந்து விழும்? நான் தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வளர்ந்தவள். பி.ஏ. படித்திருந்தேன். காக்கையையும் குருவியையும் தவிர வேறு பறவை தெரியாது. அன்று முழுக்கக் கொல்லைப் பக்கம் போகவில்லை.

வீட்டுக்காரர் குவைத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு என்று வந்தவர் லீவு முடிந்ததும் போய்விட்டார். மாமனார் மாமியார் முன்பே காலமாகிவிட்டார்கள். வீட்டில் நானும் அவருடைய அக்காவும் மட்டும்தான். நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ப்பக்கம் பல வீடுகள் இப்படித்தான் இருந்தன. ஆண்கள் சிங்கப்பூரிலோ அரபு நாட்டிலோ இருப்பார்கள். மாடி வைத்து மெத்தை வீடு எழும்பும், டிவி வரும், குளிர்பதனப் பெட்டி வரும். பேச ஆள் இருக்காது. எங்கள் வீடு மட்டும் ஓட்டு வீடாகவே நின்றது. அது பட்டுக்கோட்டையிலிருந்து அதிராம்பட்டினம் போகிற சாலையில் இறங்கி, உள்ளே வெகுதூரம் நடந்தால் வரும். காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற பகுதி. எல்லா ஊருக்கும் பாய்ந்து மிச்சமிருந்தால் எங்களுக்கு.

அக்காவுக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். ஒல்லியான, வேகமாக நடக்கிற பெண்மணி. நாற்று விடுவது முதல் அறுப்பு வரை எல்லாவற்றையும் அவரே நின்று பார்ப்பார். அவருடைய கணவர் பல வருஷங்களுக்கு முன்னால் சவூதிக்குப் போனவர். கொஞ்ச காலம் கடிதம் வந்திருக்கிறது. பிறகு நின்றுவிட்டது. வேலை மாறிவிட்டார் என்று ஒருவர் சொன்னார், வேறு நாட்டில் பார்த்தேன் என்று இன்னொருவர் சொன்னார். செத்துப்போனார் என்று யாரும் சொல்லவில்லை. அக்கா தாலியைக் கழற்றவில்லை. கல்லறைத் திருநாளில் மாதா கோயிலில் இறந்தவர்களின் பெயரை வாசிக்கக் கொடுப்பார்கள். அதில் அவர் பெயரைக் கொடுத்ததில்லை. நலமாக இருக்கிறவர்களுக்காக வைக்கிற பூசையிலும் கொடுத்ததில்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ அவரை வைத்திருந்தார்.

கொல்லை முடிகிற இடத்தில் ஆற்றங்கரை. கரைக்கு அந்தப் பக்கம், ஆற்றை ஒட்டித் தாழ்ந்து கிடக்கிற நிலத்தைப் படுகை என்பார்கள். எங்கள் குடும்பத்துப் படுகையில் இலுப்பையும் புன்னையும் நாவலும் மூங்கிலும் அடர்ந்து நின்றன. அக்கா பெயரிலும் தம்பி பெயரிலும் கூட்டுப் பட்டா. பகலில்கூட உள்ளே மங்கலாகத்தான் இருக்கும். மழைக்காலம் தொடங்கியதும் அங்கே பறவைகள் வந்து இறங்கின. கொக்கு, வக்கா, நீர்க்காகம், நத்தைகுத்தி நாரை என்று பெயரெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்கு அது ஒரு சத்தம் மட்டும்தான். குழந்தை விக்குவது போல, கிழவர் காறுவது போல, கட்டைகள் மோதுவது போல, மரங்களுக்குள்ளிருந்து நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும். அதோடு மீன் அழுகின வாடை.

எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு குரல் இருந்தது. அது அந்தி நேரத்தில்தான் கேட்கும். அக்கரையில் நிற்கிற யாரோ படகுக்காரரைக் கூப்பிடுவது போல, உரத்து, விட்டுவிட்டு வரும். முதல் தடவை கேட்டபோது உண்மையிலேயே யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, "அக்கா, ஆத்துல யாரோ நிக்கிறாங்க போல," என்றேன். அவர் கைவேலையை வைத்துவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு போனார். இருட்டுவதற்குள் திரும்பினார். யாரென்று நானும் கேட்கவில்லை. அடுத்த நாளும் அந்தக் குரல், அடுத்த நாளும் அவர் எழுந்து போனார். கூப்பிட்டால் போகிற மாதிரியே போனார்.

பாம்பு விழுந்த பிறகு எனக்குப் பயம் கூடிவிட்டது. தெருவில் ஒரு பெண்ணிடம் மெல்ல விசாரித்தேன். அவள் குரலைத் தாழ்த்தி, "அந்தத் தோப்புக்குள்ள நாங்க யாரும் போறதில்லங்க. கீழ பூரா எலும்பு கெடக்கும்," என்றாள். அதன் பிறகு அந்தியானால் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஜெபமாலையோடு உட்கார்ந்திருப்பேன்.

ஒரு சாயங்காலம் பொறுக்க முடியாமல் பின்னாலேயே போனேன். கரை ஏறி இறங்கியதும் காலடியில் மண் வெள்ளையாக இருந்தது. எச்சம். அதற்கு மேல் மீன் முள், நண்டு ஓடு, நீளநீளமாகப் பாம்பின் முதுகெலும்புகள். மிதித்தால் நொறுங்கின. அக்கா பெரிய இலுப்பை மரத்துக்குச் சற்றுத் தள்ளி அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார். உச்சிக் கவட்டில் ஒரு வண்டி விறகைக் கொட்டிவைத்தது போல ஒரு கூடு. அதன் விளிம்பில் இரண்டு பறவைகள், அவ்வளவு பெரியவை. நெஞ்சும் தலையும் தூய வெள்ளை, இறக்கை சாம்பல். ஒன்று தலையைப் பின்னால் சாய்த்துக் கத்தியது. நான் தினமும் கேட்ட அதே குரல்.

"கடல் கழுகு," என்றார் அக்கா, திரும்பாமலே. நான் வந்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது. "கடல்ல போயி பாம்பும் மீனும் புடிச்சிட்டு வரும். சமயத்துல நழுவிடும்."

"நீங்க ஏன் தெனம் இங்க வர்றீங்க? ஊர்ல என்னென்னமோ பேசிக்கிறாங்க."

"என்ன பேசுறாங்க? அவரோட ஆவி கூப்பிடுதுன்னா?" சிரிக்காமல்தான் கேட்டார். "எனக்கென்ன பைத்தியமா? பொழுது சாஞ்சா ரெண்டும் வீடு வந்து சேந்துடுது. அதப் பாக்க வர்றேன்."

கூடவே நடந்து வீட்டுக்கு வந்தேன். பயம் முழுக்கப் போகவில்லை. ஆனால் அன்று முதல் அக்காவைப் பார்த்துப் பயப்படுவதை விட்டேன்.

அடுத்த வருஷம் இறால் கம்பெனி வந்தது. ஆற்றுக்குத் தெற்கே, தண்ணீர் வராமல் தரிசாகக் கிடந்த நிலங்களைக் குத்தகைக்கு எடுத்தார்கள். நிலத்துக்காரர்கள் பாதிப் பேர் வெளிநாட்டில் இருந்தார்கள். ஃபோனிலேயே பேசி முடித்துவிட்டார்கள். பொக்லைன் வந்து வயல்களையெல்லாம் சதுரம் சதுரமாகத் தோண்டியது. கழிமுகத்திலிருந்து உப்புத் தண்ணீரை மோட்டார் வைத்து ஏற்றினார்கள். இரவு முழுக்கக் குளத்தங்கரையில் விளக்குகள் எரிந்தன; எங்கள் ஊரில் அதற்கு முன் அவ்வளவு வெளிச்சம் இருந்ததில்லை. குளங்களின் மேல், இறாலுக்குக் காற்று கிடைக்கத் தண்ணீரைக் கடைகிற துடுப்புச் சக்கரங்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த இரைச்சல் வீட்டுச் சுவரில் கை வைத்தாலும் தெரியும்.

ஊரில் சிலருக்கு வேலை கிடைத்தது. எனக்கும் முதலில் தவறாகத் தோன்றவில்லை. வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் பிடித்திருந்தன. பிறகு எங்கள் கிணற்றுத் தண்ணீர் கரிக்கத் தொடங்கியது. அரிசி வெந்தால் நிறம் மாறியது. தெருப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு சாலைக் குழாய் வரைக்கும் நடந்தார்கள்.

பறவைகளுக்குக் குளம் நிறைய இறால் இருப்பது தெரிந்துவிட்டது. கம்பெனிக்காரர்கள் முதலில் வெடி போட்டார்கள். அப்புறம் குளத்துக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக நரம்புக் கயிறு கட்டினார்கள். மீன் பிடிக்கிற தூண்டில் நரம்பு. வெயிலில் கண்ணுக்கே தெரியாது. பறவைகளுக்கும் தெரியவில்லை. ஒரு காலையில் நான் சாலைக்குப் போகும்போது குளத்தின் மேல் கொக்குகள் அந்தரத்தில் நின்றன. பறக்கவில்லை, இறங்கவும் இல்லை. காற்று அடித்தபோது மட்டும் எல்லாம் ஒன்றாக ஒரு பக்கம் திரும்பின. கிட்டே போன பிறகுதான் செத்துத் தொங்குகிறவை என்று தெரிந்தது. யாரும் அவற்றை எடுக்கவில்லை. மற்றவை பார்த்துப் பயப்படட்டும் என்று விட்டுவைத்திருந்தார்கள்.

கார்த்திகையில் கம்பெனியின் சூப்பர்வைசர் வீட்டுக்கு வந்தார். வெளியூர்க்காரர். சின்ன வயது, மரியாதையாகப் பேசுவார்.

"அக்கா, உங்க படுகையைக் கம்பெனி எடுத்துக்கிறோம்னு சொல்றாங்க. உங்க தம்பிகிட்ட குவைத்துல பேசியாச்சு. அவங்களுக்குச் சம்மதம். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

"படுகையில எறா வளக்க முடியாதே, தம்பி. வெள்ளம் வந்தா அடிச்சிட்டுப் போயிடும்."

"வளக்கிறதுக்கு இல்லக்கா. மரத்த எடுத்துட்டா பறவை தங்காது. அதுக்குத்தான்."

அக்கா அவருக்கு மோர் கொடுத்தார். "நெல்லு வேல முடியட்டும், பாக்கலாம்," என்று அனுப்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாலை முக்கில் எஸ்.டி.டி. பூத்துக்கு வீட்டுக்காரர் கூப்பிடுவார். அந்த வாரம் அவர் என் சுகத்தைக் கேட்பதற்கு முன்னால் படுகையைத்தான் கேட்டார்.

"அக்கா என்ன சொல்லுது?"

"பிடி கொடுத்துப் பேசலங்க."

"வெறும் மரந்தானே? நம்ம வீட்ட இடிச்சு மாடி கட்டிடலாம். நீயே பயமா இருக்குன்னு எழுதினியே. நீ எடுத்துச் சொல்லு."

சொல்கிறேன் என்றேன். தோப்பு போனால் இரவில் நிம்மதியாகத் தூங்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றியது. ஆனால் அந்த வாரம் சொல்லவில்லை, அதற்கடுத்த வாரமும் சொல்லவில்லை. சாயங்காலம் அக்கா கொல்லைக் கதவைத் திறக்கும்போது சொல்ல எடுத்ததை விட்டுவிடுவேன்.

தை பிறந்து சில நாட்கள் கழித்து ஒரு விடியற்காலை, அமைதியாக இருந்ததால் விழித்துக்கொண்டேன்.

சத்தம் கேட்டு விழித்திருக்கிறேன்; சத்தம் இல்லாமல் விழித்தது அன்றுதான். சக்கரங்களின் இரைச்சல் வழக்கம்போல இருந்தது. அதற்கு மேலே இருக்க வேண்டியது இல்லை. விக்கல், காறல், கட்டை மோதல், ஒன்றுமே இல்லை. அக்கா ஏற்கெனவே எழுந்து கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேரும் கொல்லைக் கதவைத் திறந்தோம்.

பனி முழங்கால் உயரத்துக்குத் தரையோடு கிடந்தது. கரையில் ஏறி நின்றபோது படுகையில் ஒரு கூட்டம் எங்களுக்காகக் காத்திருப்பது போலத் தோன்றியது. பறவைகள். மரத்தில் இல்லை, தரையில் இருந்தன. பனிக்கு மேலே கழுத்துகள் மட்டும் தெரிந்தன. கொக்கும் நாரையும் வக்காவும், நின்றுகொண்டும் குந்திக்கொண்டும், ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு. நாங்கள் இறங்கினோம். ஒன்றுகூட விலகவில்லை. என் புடவை ஒரு நாரையின் மேல் உரசியது. அது தலையைத் திருப்பவில்லை. அதன் கண் மட்டும் என்னைத் தொடர்ந்து வந்தது.

"அக்கா, என்ன இது? ஏன் பறக்க மாட்டேங்குது?"

அவர் ஒரு கொக்கைத் தூக்கினார். அது சும்மா இருந்தது. கால்விரல்கள் சுருண்டிருந்தன. அலகிலிருந்து எச்சில் நூலாக வடிந்தது. அவர் அதை முகர்ந்து பார்த்தார்.

"குருணை மருந்து," என்றார். "வயலுக்குப் போடுறமே, அது. மீன்ல கலந்து குளத்தங்கரையில வச்சிருக்கானுவ."

இலுப்பையின் அடியில் பெண் கழுகு கிடந்தது. ஜோடியில் அதுதான் பெரியது. இறக்கைகள் இரண்டும் விரிந்து பாய் போட்டது போலத் தரையில் பரவியிருந்தன. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது. எங்களைப் பார்த்து அலகைத் திறந்தது; சத்தம் வரவில்லை. மேலே கூட்டில் முட்டை இருந்த காலம் அது.

அக்கா என்னைப் பார்த்தார். "சாக்கு எடுத்துட்டு வா. ஓடு."

நான் ஓடினேன். என் பயமெல்லாம் எங்கே போயிற்று என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. சாக்கைக் கொண்டுவந்து, அவர் சொன்னபடி கழுகின் நகத்தைப் பார்த்துக்கொண்டு பின்பக்கமாகப் போர்த்தினேன். என் கைக்குள் அதன் இதயம் கடிகாரம் போல அடித்தது. ஒரு மீன்கூடையில் வைத்து மேலே துணி கட்டினோம். அக்கா கூடையோடு முதல் பஸ்ஸைப் பிடிக்கப் போனார். கண்டக்டர் என்ன அது என்று கேட்டதற்குக் கோழி என்று சொல்லியிருக்கிறார். "கோழியா? கண்ணு தெரியுதே, என்னையே மொறைக்குதே," என்று அவர் தள்ளிப்போய் நின்றுகொண்டாராம்.

நான் படுகையில் தனியாக இருந்தேன். பொழுது ஏற ஏறப் பறவைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. சத்தமே இல்லை. நின்றது உட்காரும், உட்கார்ந்தது தலையைக் கீழே வைக்கும். உயிரோடு இருந்தவற்றுக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வாயில் விட்டேன். சிலது குடித்தது. சிலது என் மடியிலேயே கண்ணை மூடியது. குடத்தோடு கரையில் போன பெண்கள் என்னைப் பார்த்து நின்றார்கள். அந்தத் தோப்புக்குள் கால் வைக்காதவர்கள். ஒருத்தி குடத்தை இறக்கிவிட்டு வந்தாள். பிறகு எல்லோரும் இறங்கினார்கள். செத்தவற்றைப் பொறுக்கினோம்.

பட்டுக்கோட்டை மாட்டாஸ்பத்திரி டாக்டர் கழுகுக்கு ஊசி போட்டுவிட்டு, "நான் இதுவரைக்கும் கழுகுக்கு வைத்தியம் பண்ணினதில்லம்மா. மாட்டுக்குப் போடுற மருந்தத்தான் கொறைச்சுப் போட்டிருக்கேன். பொழச்சா உங்க அதிர்ஷ்டம். இருட்டுல வைங்க," என்று சொல்லி அனுப்பினார். நெல் வைக்கிற அறையில் சாக்குகளை நீக்கி இடம் பண்ணினோம். கதவிடுக்கில் பார்த்தால் இருட்டில் அந்த வெள்ளை நெஞ்சு மட்டும் தெரியும்.

அன்று பகல் முழுக்க ஆண் கழுகு எங்கள் வீட்டைச் சுற்றியது. படுகையை விட்டுவிட்டு வீட்டு முகட்டில் வந்து உட்கார்ந்தது. அதன் நகம் ஓட்டில் உராய்வது உள்ளே கேட்டது. அது கூப்பிடும். கொஞ்ச நேரம் நிறுத்தும். பதில் வருகிறதா என்று கேட்பது போலிருக்கும். மறுபடி கூப்பிடும். தெருவில் போகிறவர்கள் எங்கள் வீட்டை அண்ணாந்து பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு போனார்கள். கம்பெனியில் வேலை பார்த்த உள்ளூர் ஆட்கள் அன்றைக்கே நின்றுவிட்டார்கள். செத்த வீட்டின் மேல்தான் கழுகு உட்காரும், அடுத்தது நம் வீடு என்று யாரோ கிளப்பிவிட்டார்கள்.

மத்தியானம் முற்றத்தில் ஏதோ விழுந்தது. போய்ப் பார்த்தேன். மடவை மீன், துள்ளிக்கொண்டிருந்தது. நெல் அறைக் கதவுக்கு நேர் எதிரே. தவறி விழுந்ததா, கொண்டுவந்து போட்டதா என்று எனக்குத் தெரியாது. அக்கா அதை எடுத்துத் துண்டு போட்டுக் கதவைத் திறந்து உள்ளே தள்ளினார். முதலில் சத்தமில்லை. வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து, சாக்கைக் கிழிப்பது போல, மீனைக் கிழிக்கிற சத்தம் வந்தது. அக்கா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மறுநாள் காலையில் தாலுகா ஆபீசுக்குப் போனோம். நாங்கள் இரண்டு பேர்தான் போவதாக இருந்தது. தெருப் பெண்கள் எல்லோரும் கூடையோடு சாலையில் நின்றார்கள். செத்த பறவைகளை அவர்கள் புதைக்கவில்லை. ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார்கள். ஆபீஸ் தாழ்வாரத்தில் அவற்றை இறக்கி வரிசையாக வைத்தோம். கால்கள் எல்லாம் ஒரே பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தன. வரிசை தாழ்வாரத்தைத் தாண்டி வெயிலுக்குப் போனது. எழுதிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து நின்றார்கள்.

அதிகாரி வெளியே வந்தார். வயதானவர். வரிசையின் கடைசி வரைக்கும் நடந்து பார்த்தார். "என்னம்மா இது?"

மனுவை எழுதினது நான்தான். வாசிப்பதற்குக் காகிதத்தைப் பிரித்தேன். ஆனால் அக்காதான் பேசினார்.

"எங்க படுகையில தங்கியிருந்ததுங்க. அந்த எறாக் கொளத்தங்கரையில வச்ச மீனத் தின்னுச்சு, போயிடுச்சு. எங்க கெணறும் அந்தக் கொளத்துப் பக்கந்தாங்க இருக்கு. நாங்களும் புள்ளைகளும் அந்தத் தண்ணியத்தான் குடிச்சிட்டிருந்தோம். எங்கள எப்ப இப்படிக் கொண்டாந்து அடுக்குவாங்கன்னு கேக்க வந்தோம்."

அவர் அன்று சாயங்காலமே ஜீப்பில் வந்தார். கிணற்றுத் தண்ணீரைப் புட்டியில் எடுத்துப் போனார்கள். குளத்தங்கரையில் மிச்சமிருந்த மீனையும் எடுத்தார்கள். மருந்து வைப்பது நின்றது. நரம்புக் கயிறுகளை அறுத்தெறியச் சொன்னார்கள். குளத்தை மூடச் சொல்லவில்லை. அது பெரிய இடத்து விவகாரம், கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்றார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் வீட்டுக்காரர் கோபமாக இருந்தார். ஊர்ச் செய்தி குவைத்துக்கு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

"பொம்பளைங்க ரெண்டு பேரும் சேந்து ஆபீசு வரைக்கும் போயிட்டீங்களா? மரத்துக்காகவா இவ்வளவு?"

"நீங்க வந்து ஒரு நாள் அங்க நின்னு பாருங்க. அப்புறமும் வெட்டணும்னு தோணுச்சுன்னா வெட்டுங்க. அது வரைக்கும் நான் விட மாட்டேங்க."

அவரிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. "சரி, உடம்பப் பாத்துக்க," என்று வைத்துவிட்டார்.

பெண் கழுகு பிழைத்துக்கொண்டது. அறைக்குள் இறக்கையை அடிக்கத் தொடங்கியதும் ஒரு விடிகாலையில் கூடையோடு கரைக்குக் கொண்டுபோனோம். மூடியைத் திறந்தும் அது போகவில்லை. கரை மண்ணில் இறங்கி நின்று எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தது. பிறகு கிளம்பி, தாழப் பறந்து, ஆற்றைக் கடந்து அக்கரைப் பக்கம் போனது. ஆண் எங்கிருந்தோ வந்து சேர்ந்துகொண்டது. கூட்டில் அந்த வருஷ முட்டைகளைக் காக்கைகள் முடித்திருந்தன. ஓட்டுத் துண்டுகள் மரத்தடியில் கிடந்தன. இரண்டும் அதன் பிறகு அந்த வருஷம் இலுப்பையில் உட்காரவே இல்லை.

வெயில் காலத்தில் இறாலுக்கு நோய் வந்தது. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளிகளோடு குளத்தில் மிதந்தன. நாற்றம் ஊரையே மூடியது. கம்பெனிக்காரர்கள் ஒரு போகம் விட்டுப் பார்த்தார்கள், மறுபடியும் நோய். ஒரு நாள் லாரிகள் வந்து மோட்டார்களை ஏற்றிப் போயின. வேறெங்கோ போனதாகச் சொன்னார்கள். சக்கரங்கள் நின்றன. வற்றிய குளங்களின் அடியில் உப்பு பூத்து, நிலா இல்லாத நாளிலும் வெளுத்துத் தெரிந்தது. அங்கே ஒரு புல்லும் முளைக்கவில்லை. ஆடு மாடு அதில் இறங்க மறுத்தன.

அடுத்து வந்த மழைக்கு மரத்துக்குப் பறவைகள் வந்தன. முன்பு வந்ததில் பாதிகூட இல்லை. கழுகுகள் பழைய கூட்டுக்கு மேலேயே புதுச் சுள்ளி வைத்தன. மாசியில் ஒரே ஒரு குஞ்சு விளிம்பில் எட்டிப் பார்த்தது. அடுத்த லீவில் வந்த வீட்டுக்காரர் அக்காவோடு போய் நின்று பார்த்தார். வெட்டுகிற பேச்சை அதன் பிறகு எடுக்கவில்லை. அக்கா படுகையில் தன் பங்கைப் பள்ளிக்கூடத்துக்கோ கோயிலுக்கோ எழுதிவைப்பார் என்று ஊரில் எதிர்பார்த்தார்கள். அவர் எனக்குத்தான் எழுதிவைத்தார்.

ஆடியில் ஆற்றில் தண்ணீர் வந்தபோது அக்கா மண்வெட்டியோடு குளத்துப் பக்கம் கிளம்பினார். நிலத்துக்காரர்களில் பாதிப் பேர் ஊரில் இல்லை, மற்றவர்கள் தடுக்கவில்லை. தெருப் பெண்கள் கூடச் சேர்ந்தார்கள். ஆற்றுக்கும் முதல் குளத்துக்கும் நடுவில் இருந்த கரையை ஆளுக்கொரு பக்கமாக வெட்டினோம். கலங்கிய தண்ணீர் உள்ளே புகுந்து, உப்பின் மேல் பரவிக்கொண்டு போனது. வெடித்துக் கிடந்த மண் அதைக் குடித்தது. குளம் முழுக்கச் சிறுசிறு குமிழிகள் எழுந்து உடைந்தன. பெரிய கூட்டம் ஒன்று தூரத்தில் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வது போல அந்தச் சத்தம் நான்கு பக்கமும் கேட்டது. யாரும் நகரவில்லை.

"இன்னும் ரெண்டு மூணு வெள்ளம் உப்ப அலசணும்," என்றார் அக்கா. "அப்புறந்தான் நெல்லு."

எங்களுக்கு எதிரே, தண்ணீர் இன்னும் போய்ச் சேராத மூலையில், ஒரு நாரை வந்து இறங்கியது. தண்ணீர் தன்னிடம் வரட்டும் என்று காலைத் தூக்கிக்கொண்டு நின்றது.